மடியில் கனம்

வல்லத்தில் எந்த வீட்டு வாசலில் டூர் வேன் வந்து நின்றாலும் ஐந்தாவது நிமிடம் தெருமுனையில் ஒருவர் தோளில் நைலான் கயிற்றோடு தோன்றுவார். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஊருக்கு அவர் கயிறு பெரியப்பா. செஞ்சியிலும் மேல்மலையனூரிலும் திண்டிவனத்திலும் இவருக்கு ஒன்றுவிட்ட தம்பிகள் இருக்கிறார்கள். ஆள் மாறும், கயிறு மாறாது.

வந்ததும் வண்டியை ஒரு பிரதட்சிணம். டயருக்கு ஓர் உதை. உள்ளே காற்று எவ்வளவு என்பது கால் கட்டைவிரலுக்குத் தெரிந்துவிடும். "இன்னா தம்பி, எத்தினி மூட்டை தாங்கும்?" டிரைவர், "ஆளுங்க போற வண்டிங்கய்யா இது" என்று முடிப்பதற்குள் பெரியப்பா ஏணியில் பாதி ஏறியிருப்பார்.

"ராஜா கோட்டை உச்சிக்கு பீரங்கியையே ஏத்துன ஊரு தம்பி இது."

செஞ்சிக் கோட்டையில் எண்ணூறு அடி மலைமேல் பீரங்கி இன்றும் இருப்பது உண்மைதான். ஏற்றியவர்கள் அதைத் திரும்ப இறக்கவில்லை என்பதும் உண்மைதான்.

அவர் மூட்டை அடுக்குவது எடைப்படி அல்ல, உறவுப்படி. சம்பந்தி வீட்டுப் பெட்டி கண்ணில் படும் இடத்தில், மாப்பிள்ளையின் பை கைக்கு எட்டும் தூரத்தில். போர்வையும் தலையணையும் கீழே போகும், "மெத்துன்னு கெடக்கட்டும்" என்று. அரிசி மூட்டை, அண்டா, இட்லிப் பானை எல்லாம் கூரைக்குப் போகும், உள்ளே கால் நீட்ட இடம் வேண்டுமே! கனமானது கீழே, இரண்டு அச்சுகளுக்கு நடுவே, இடம் வலம் சமமாக இருக்க வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். "நீ எந்த ஆபீஸ்ல வேலை பாக்குற?" என்பார். கடைசி முடிச்சைப் போட்டுக் கையைத் தட்டிக்கொண்டு, "மடியில கனமில்ல, வழியில பயமில்ல. கெளம்பலாம்" என்று வழியனுப்புவார்.

இத்தனைக்கும் இவருடைய அப்பா நெல் மூட்டை ஏற்றிச் செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்கு மாட்டுவண்டி ஓட்டியவர். முன்பாரம் ஏறினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் ஏறினால் நுகம் மேலே தூக்கி, கழுத்துக் கயிறு இறுக்கும். ஒரு மூட்டையை ஒரு சாண் தள்ளிப் போட்டுச் சரிசெய்துவிடுவாராம். மாடு உடனே முகத்தில் காட்டிவிடும். வேனுக்கு அந்த முகம் இல்லை. பின்பக்கம் அளவுக்குமேல் ஏறினால் முன்சக்கரம் தரையில் அழுந்தாமல் ஸ்டியரிங் மிதக்கும். அதைத் தொட்டுப் பார்த்துப் பெரியப்பா சொல்வது: "எவ்ளோ லேசா திரும்புது பாரு! அதான் என் ஏத்து."

போன மே மாதம் எங்கள் குடும்பம் நவக்கிரகக் கோயில்களுக்குக் கிளம்பியது. அடுப்பு, படுக்கை, ஊறுகாய், கோலமாவு வரை இருந்த அந்த வேனை வெளிநாட்டில் மோட்டார் ஹோம் என்றுதான் சொல்வார்கள். ஐரோப்பாவில் சாதாரண கார் லைசென்ஸ்காரர்களுக்கு 3,500 கிலோ என்பது நெடுநாளைய லட்சுமணக் கோடு. பயணத்துக்கு முன் பலர் எடைமேடையில் ஏறிப் பார்த்துவிட்டுப் போவார்கள். எங்களுக்கு வாய்த்த டிரைவரும் அந்த ரகம். ஆர்சியில் வெறும் வண்டியின் எடையும் உண்டு, மொத்தம் எவ்வளவு போகலாம் என்பதும் உண்டு. "ரெண்டுக்கும் நடுவுல இருக்கறதுதாங்க நம்ம பங்கு. ஆளும் அதுக்குள்ளதான்" என்றான். 2019 திருத்தத்துக்குப் பிறகு கூடுதல் பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாயில் ஆரம்பிக்கிறது என்றும் சொன்னான். இந்த முறை பெரியப்பாவும் எங்களோடு பயணி என்பதால், தன் தொழிலுக்கு நேர்ந்த அவமானத்தை முன்சீட்டில் உட்கார்ந்தே பார்க்க வேண்டியதாயிற்று.

எடைமேடையில் எங்களுக்கு முன்னால் நெல் லாரி. எங்கள் முறை வந்தது. முதலில் முன்சக்கரம் மட்டும், பிறகு முழு வண்டி, கடைசியில் பின்சக்கரம் மட்டும். பெண்கள் இறங்கி நிற்கிறோம் என்றார்கள், டிரைவர் விடவில்லை. கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பையன் பழக்கதோஷத்தில் அடித்துக் கொடுத்த சீட்டில், பொருள்: நெல்.

அளவுக்கு மேல் 340 கிலோ. அதில் பெரும்பங்கு பின் அச்சில்.

"காலைலேர்ந்து லாரி ஏறி மேடை சூடாயிருக்கும். ஆறட்டும்" என்றார் பெரியப்பா.

மேடை ஆறவில்லை, நாங்கள்தான் இறக்கினோம். இருபது லிட்டர் தண்ணீர் கேன் பத்து. லிட்டருக்கு ஒரு கிலோ என்றால் 200 கிலோ, அதாவது ஏறக்குறைய மூன்று பெரியப்பா. கும்பகோணத்தில் தண்ணீர் கிடைக்காதா? மே மாதக் காவிரியில் கிடைக்காது, கடையில் கிடைக்கும். ஆள் போகிற வண்டியில் கேஸ் சிலிண்டர் இருந்தால் தான் வரவில்லை என்று டிரைவர் இறங்கி நின்றுவிட்டான். கேஸ் போனால் அண்டா எதற்கு, அண்டா போனால் அரிசி எதற்கு என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பக்கத்து மில் தாழ்வாரத்துக்குப் போயின. பெரியம்மா கிரைண்டரைப் பிரிந்த காட்சியை நான் விவரிக்கப்போவதில்லை. மறுபடி எடை போட்டபோது அளவைவிடப் பத்துக் கிலோ குறைவாகவே காட்டியது. பெரியப்பா சீட்டை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். விழுப்புரம் தாண்டும்வரை பேசவில்லை.

பண்ருட்டியில் ரோட்டோரம் பலாப்பழம் மலைபோல் குவிந்திருந்தது. "தம்பி, ஓரம் கட்டு." இறங்கியவர் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, இருப்பதிலேயே பெரியதைத் தேர்ந்தெடுத்தார். தூக்கிவர இரண்டு பேர் வேண்டியிருந்தது.

"எடை, ஐயா..." என்றான் டிரைவர்.

"வண்டியில எங்க வெச்சேன்?" என்று ஏறி உட்கார்ந்து, பழத்தை வாங்கி அணைத்துக்கொண்டார். "என் மடியிலதான இருக்கு."