வேலில் குத்திய வாட்ச்

திருவாரூர்க்காரனுக்கு ஏலம் புதிதில்லை. வாயைத் திறந்து விலை ஏற்றுவதுதான் புதிது. நெல்லுக்கு ஏலமே கிடையாது. கொள்முதல் நிலையத்தில் அரசு சொன்னதுதான் விலை. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டாமல் இருக்கவேண்டும் என்பதே நம் கவலை. பருத்திக்கு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மறைமுக ஏலம். வியாபாரி என்ன எழுதினார் என்பது அவருக்கும் பேனாவுக்கும்தான் தெரியும்; நாம் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவி விடலாம். ஏலச்சீட்டு இன்னும் விசேஷம். யார் அதிகம் தள்ளுகிறாரோ, அதாவது யார் அதிகம் நஷ்டப்படச் சம்மதிக்கிறாரோ, அவருக்குத்தான் பணம்.

இந்தப் பயிற்சியோடுதான் பழைய கைக்கடிகார ஏலத்தில் இறங்கினேன்.

செல்போனில் நேரலை. கோட்டுப் போட்ட ஒருவர் சின்ன சுத்தியலோடு நிற்கிறார். வந்தது ஒரு எச்.எம்.டி. ஜனதா, சாவி கொடுக்கிற ரகம். ஜப்பான் சிட்டிசனோடு கூட்டுச் சேர்ந்து 1961-ல் பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கிய கம்பெனி. அந்த வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை 2016-ல் முடிவெடுத்தது. இழுத்து மூடிய பிறகுதானே நமக்கு எதன் மேலும் பாசம் பொங்கும்?

'டயல் மஞ்சள் பூத்துள்ளது, முள்ளில் லேசான துரு, பாலிஷ் போடப்படவில்லை' என்று வர்ணனை. எங்கள் தெருவில் இப்படிச் சொல்லி ஒரு சைக்கிளை விற்க முடியாது. இங்கே இதெல்லாம் பெருமை. புது டயல் போட்டுப் பளபளவென்று கொண்டுவந்தால் 'மும்பை வாட்ச்' என்று ஒதுக்கிவிடுவார்கள். என் மனைவி எட்டிப் பார்த்து, "கண்ணாடியில பல்லு வெளக்குற பேஸ்ட்ட வெச்சுத் தேய்ச்சா கீறல் போயிடுமே" என்றாள். பிளாஸ்டிக் கண்ணாடிக்கு அதுதான் சரியான வைத்தியம். ஏலக்காரர் காதில் விழுந்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

நான் விரலை வைப்பதற்குள் விலை மூன்று படி ஏறிவிட்டது. ஒரு தரம், ரெண்டு தரம் என்று இழுத்து, மூச்சு விடவும் மனசு மாறவும் அவகாசம் கொடுப்பது நம் ஊர் மரியாதை. அங்கே டொக்கென்று ஒரு தட்டு, அவ்வளவுதான். ஜெயித்தவருக்கும் நிம்மதி இல்லை. கேட்ட விலைக்கு மேல் ஏல நிறுவனத்துக்குக் கமிஷன் உண்டு. உலகின் பெரிய நிறுவனங்களில் சாதாரண லாட்டுகளுக்கு அது நூற்றுக்கு 25-க்குக் குறையாது. நம் மண்டிக்காரர்கள் காதில் இது விழாமல் இருக்கவேண்டும்.

பழைய வாட்சுக்கு ஏன் இந்த விலை என்று கேட்பவர்கள் விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூர் பக்கத்து ஒட்டனந்தலுக்குப் போய்வரலாம். அங்கே முருகன் கோயிலில் பங்குனி உத்திர விழாவில் வேலில் குத்திய எலுமிச்சம்பழங்களை ஏலம் விடுகிறார்கள். குழந்தை வரம் கிடைக்கும் என்று நம்பிக்கை. 2024-ல் ஒன்பதே பழம், 2 லட்சம் ரூபாய்க்கு மேல். சாறு எவ்வளவு வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. பழம் எங்கே இருந்தது என்பதற்குத்தான் காசு.

வாட்ச் உலகத்தின் வேல், ஹாலிவுட் நடிகர் பால் நியூமனின் மணிக்கட்டு. அவர் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா 2017 அக்டோபரில் நியூயார்க்கின் பிலிப்ஸ் ஏலத்தில், கமிஷனும் சேர்த்து, 1 கோடியே 77 லட்சம் டாலருக்குப் போனது. கார் பந்தயக்காரரான அவருக்கு மனைவி வாங்கித் தந்தது. பார்த்து ஓட்டச் சொல்லிப் பின்மூடியில் பொறித்தும் வைத்திருந்தார். 1984-ல் வீட்டுத் தோட்டத்தில் பரண் வீட்டைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த பையனிடம் நியூமன் மணி கேட்டார். தன்னிடம் வாட்ச் இல்லை என்றான். இந்தா என்று இதைக் கொடுத்துவிட்டார். பையன், மகளின் காதலன்.

இதை என் மாமனாரிடம் சொன்னேன். தொண்ணூறை நெருங்குகிறவர், என் கல்யாணத்துக்கு எச்.எம்.டி. போட்டவர்.

"பொண்ணு பேரு என்ன மாப்ளே?"

"நெல், மாமா."

முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம பக்கத்துப் பேரால்ல இருக்கு! கல்யாணம் எங்க வெச்சாங்க?"

"நடக்கலை மாமா. பிரிஞ்சிட்டாங்க. அந்தப் பையன்தான் பின்னாடி ஏலத்துக்குக் கொண்டுவந்தது. வந்த பணத்துல ஒரு பகுதி பொண்ணோட அறக்கட்டளைக்குப் போச்சு."

"ஒரு பகுதியா?" மாமனார் சாய்வு நாற்காலியிலிருந்து நிமிர்ந்தார். "கல்யாணம் நின்னப்பவே நாலு பெரிய மனுஷங்களை அனுப்பி வாட்ச வாங்கிட்டு வந்திருக்க வேணாமா அந்த ஆளு?"