கேள்வி உங்களுடையது, பதிலுக்குப் பதிப்புரிமை உண்டு

என் கடைக்கு ‘பாண்டிச்சேரி’ என்றே பெயர் வைத்துப் பதிவு செய்துவிட்டால், வேறு யாரும் அந்தப் பெயரைத் தொட முடியாதல்லவா?
– நேரு வீதி வியாபாரி

வைப்பதை யார் தடுத்தார்கள்? ஊரைப் பட்டா போடுவதுதான் கஷ்டம். வணிகக்குறிச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு ஊர்ப் பெயர்களைத் தனி ஆளுக்கு லேசில் எழுதிக் கொடுக்காது. சிகரெட்டுக்கு ‘சிம்லா’ என்று கேட்ட இம்பீரியல் டொபாக்கோவுக்கே 1977-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் கையை விரித்தது. பாண்டிச்சேரி தன் கையில்தான் என்று பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சும் நினைத்தார். 1754-ல் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள்.

பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிந்தாயிற்று. இனி பெயர் எனக்குத்தானே?
– தட்டாஞ்சாவடி

கம்பெனிப் பெயர் வேறு, வணிகக்குறி வேறு. அதே பெயரை முன்பே வணிகக்குறியாகப் பதிந்தவர் மூன்று ஆண்டுக்குள் மனுப் போட்டால், உங்கள் பெயர்ப்பலகையை இறக்க வேண்டி வரலாம். வணிகக்குறிப் பதிவேட்டை இணையத்தில் தேடிப் பார்க்கக் காசில்லை. சிறு தொழில் என்றால் விண்ணப்பக் கட்டணம் ஒரு வகுப்புக்கு ரூ.4,500. திறப்பு விழா பந்தலுக்கே அதைவிட அதிகம் கொடுத்திருப்பீர்கள்.

என் பேக்கரி மாஸ்டர் எதிர்த்த கடையில் சேர்ந்துவிட்டார். ‘ஐந்து வருடம் இந்த ஊரில் வேலை பார்க்க மாட்டேன்’ என்று பத்திரத்தில் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேனே!
– மிஷன் வீதி

பத்திரத்தை பன் சுற்ற வைத்துக்கொள்ளுங்கள். 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி, வேலையை விட்டவரின் பிழைப்பைத் தடுக்கும் நிபந்தனை செல்லாது. அவர் உங்கள் தொழில் ரகசியத்தைக் கொண்டுபோனார் என்று வழக்குப் போடலாம். ஆனால் அது ரகசியமாக இருந்ததா என்பது முதல் கேள்வி. குரோசான் மடிப்பதை நீங்களே யூடியூபில் செய்து காட்டியிருந்தால், நீதிபதியும் பார்த்திருப்பார்.

உள்ளூர் விஸ்கிக்கு ‘ஸ்காட்’ என்று பெயர் வைத்தால் ஸ்காட்லாந்துக்காரர்கள் இங்கேவரை வருவார்களா?
– பெயர் வேண்டாம், உப்பளம்

வருவார்கள். தாமதமாக வந்து தோற்ற கதையும் உண்டு. கோடே நிறுவனத்தின் ‘பீட்டர் ஸ்காட்’ பற்றி ஸ்காட்ச் விஸ்கி சங்கத்துக்கு 1974-லேயே தெரியும். அந்தக் குறியை நீக்கச் சொல்லி மனுப் போட்டதோ 1986-ல். இத்தனை வருடம் சும்மா இருந்துவிட்டு இப்போது என்ன என்று கேட்டு, 2008-ல் உச்ச நீதிமன்றம் கோடே பக்கம் தீர்ப்பளித்தது. விஸ்கிக்குத்தான் வயதாக ஆக மதிப்பு, புகாருக்கு இல்லை. இதைப் படித்துவிட்டு நீங்கள் துணிய வேண்டாம். ‘ஸ்காட்ச் விஸ்கி’ இப்போது இந்தியாவிலேயே புவிசார் குறியீடாகப் பதிவாகியிருக்கிறது. கோடேக்குக் கிடைத்த பன்னிரண்டு வருடம் உங்களுக்குக் கிடைக்காது.

லோகோ வரைந்தவனுக்குக் காசு கொடுத்துவிட்டேன். வேறென்ன வேண்டும்?
– லாஸ்பேட்டை

எழுத்து வேண்டும். அவர் உங்கள் சம்பளக்காரர் இல்லையென்றால், எழுதித் தராதவரை பதிப்புரிமை அவரிடம்தான். எழுதும்போது காலத்தையும் இடத்தையும் சேர்த்து எழுதுங்கள். காலம் சொல்லாவிட்டால் ஐந்தே ஆண்டு, இடம் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும். பாரிஸில் கிளை திறக்கும் ஆசை நம் ஊர்க்காரர் யாருக்குத்தான் இல்லை?

எங்கள் சுடுமண் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அதை வங்கியில் அடமானம் வைக்கலாமா?
– வில்லியனூர்

முடியாதம்மா. அது கைவினைஞர்கள் எல்லோருக்கும் பொது. விற்கவோ அடகு வைக்கவோ சட்டமே தடை போட்டிருக்கிறது. திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் இதே கதைதான். உங்கள் பெயரை ‘அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளர்’ என்று பதிந்துகொள்ளுங்கள். எங்கிருந்தோ அச்சில் வார்த்து வந்த பிள்ளையாரை ‘வில்லியனூர்’ என்று யாராவது விற்றால், சங்கம் கூடட்டும் என்று காத்திராமல் நீங்களே வழக்குத் தொடுக்கலாம்.

பாரதியார் பத்து வருடம் இருந்த ஊர் இது. எங்கள் ஓட்டல் விளம்பரத்தில் அவர் பாட்டைப் போட யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?
– ஈசுவரன் கோயில் தெரு

யாரிடமும் வேண்டாம். ஆனால் ஒருகாலத்தில் ஏவி.மெய்யப்பச் செட்டியாரிடம் கேட்டிருக்க வேண்டும். பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையை அவர் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தார். ‘பில்ஹணன்’ படத்தில் ஒரு பாட்டைச் சேர்த்த டி.கே.எஸ். சகோதரர்கள் மேல் வழக்கும் போட்டார். சட்டப்படி அவர் பக்கம் தப்பில்லை. ஆனால் பாரதிக்கு முதலாளியா என்று தமிழ்நாடே கொதித்தது. 1949-ல் சென்னை அரசு உரிமையை எடுத்துக்கொண்டது. செட்டியார் தன் பங்கைப் பணம் வாங்காமலே கொடுத்தார். பிறகு அரசும் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் மக்களுக்கே விட்டுவிட்டது. சும்மா கொடுத்தது வியாபாரியாகவும் செட்டியாருக்கு நல்ல கணக்கு என்பது என் அபிப்பிராயம்.

ஒன்று மட்டும் கவனம். வரிகள்தான் பொது. சினிமாவில் வந்த மெட்டையும் ஒலிப்பதிவையும் அப்படியே எடுத்துப் போட்டால், இசையமைப்பாளரும் ஒலிநாடா கம்பெனியும் உங்கள் ஓட்டலுக்குச் சாப்பிட வர மாட்டார்கள், நோட்டீஸோடு வருவார்கள்.

இதற்கெல்லாம் சென்னைக்கு அலைய வேண்டுமா சார்?
– முத்தியால்பேட்டை

புதுச்சேரிக்கான வணிகக்குறி அலுவலகம் கிண்டியில். ஆனால் விண்ணப்பம் இணையத்திலேயே போய்ச் சேரும். எதிராளி எந்த ஊர்க்காரராக இருந்தாலும், பதிவு செய்த குறியை மீறினால், தொழில் நடத்தும் ஊரிலேயே வழக்குப் போட 134-ஆம் பிரிவு இடம் தருகிறது. அவர்தான் இங்கே வர வேண்டும். சனி, ஞாயிறில் வாய்தா கிடையாது என்பதால், கடற்கரைச் சாலையில் அறை சுலபமாகக் கிடைக்கும் என்று சொல்லிவையுங்கள்.