பூமியைத் தூக்கக் கூலி கேட்கலாமா?

ஸ்ரீவராகத்துப் பட்டதாரிகளே, வியன்னாவில் ஐ.நா. போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் ஆய்வுக்கு உதவப் பயிற்சிப் பணியாளர்களை எடுக்கிறது. சம்பளம் கிடையாது. விமானச் சீட்டு, விசா, வாடகை, காப்பீடு எல்லாம் நம் செலவு. நியாயம்தானே! பூமியையே கொம்பில் ஏந்திய நம்மூர் வராக மூர்த்திக்கு யார் படி அளந்தார்கள்?

வாடகைக்குக் கவலை வேண்டாம்: 2015இல் ஜெனீவாவில் ஐ.நா. பயிற்சிப் பணியாளர் ஒருவர் கூடாரத்தில் தங்கினார். நல்ல காற்றோட்டம்.

பணத்தாசையே குற்றத்தின் வேர். ஆகவே ஆய்வாளர் கண்ணில் காசையே காட்டாதிருப்பது உயர்ந்த தடுப்பு முறை. அதே அலுவலகம் ஆள் கடத்தல் பற்றியும் அறிக்கை வெளியிடுகிறது. கூலியில்லாமல் வேலை வாங்கப்படுவோர் பற்றிய பக்கங்களுக்குப் பிழை திருத்தும் பாக்கியம் உங்களுக்கே வாய்க்கலாம்.

விண்ணப்பிக்கும் முன் அப்பாவின் பி.எப். இருப்பை மட்டும் விசாரித்துவிடுங்கள்.