விலாசம் மாறுகிறது

கேள்வி: இன்னும் ஐம்பது வருஷத்தில் கிறிஸ்தவத் திருச்சபை இருக்குமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: பேஷாக இருக்கும், விலாசம்தான் மாறும். இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கில் 2021-ல் கிறிஸ்தவர்கள் 46.2 சதவீதம், பாதிக்குக் கீழே இறங்கியது அதுதான் முதல் முறை. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் 13-ம் நூற்றாண்டு தேவாலயம் ஒன்று இப்போது புத்தகக் கடை. பீடம் இருந்த பக்கம் காபி விற்கிறார்கள். ஆனால் ஞாயிறு காலை நைஜீரியாவின் லாகோஸில் கொஞ்சம் தாமதமாகக் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள், நிற்க இடம் கிடைத்தால் பாக்கியம். சஹாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவில் இன்று ஐரோப்பாவைவிடக் கிறிஸ்தவர்கள் அதிகம். ஒரு காலத்தில் நமக்கு மிஷனரிகளை அனுப்பிய ஜெர்மனியில், இப்போது கேரளத்துப் பாதிரியார்கள் பூசை வைக்கிறார்கள். சபைக்கு ஆயுசு கெட்டி; 'வெள்ளைக்காரன் மதம்' என்ற பேச்சுக்குத்தான் ஆயுசு முடிந்தது.