ஒற்றைக் கடிகாரம்

பாளையங்கோட்டையில் நாங்கள் செஸ் ஆடிய வாசகசாலையில் பலகை நான்கு இருந்தது. கடிகாரம் ஒன்றுதான். 1985, 86 வாக்கில் நடந்த கதை. மரப்பெட்டியில் இரண்டு முகம் பதித்து, சாவி கொடுத்து ஓடவிடும் கடிகாரம் அது. ஆளுக்கு ஐந்து நிமிடம். நேரம் முடியப்போகையில் பெரிய முள், பன்னிரண்டுக்குப் பக்கத்தில் தொங்கும் குட்டிச் சிவப்புக் கொடியை மெல்லத் தூக்கும். முள் தாண்டியதும் கொடி விழும். தோற்றவன் எழுந்துவிட வேண்டும், ஜெயித்தவன் அப்படியே உட்கார்ந்திருப்பான். பெஞ்சில் எப்போதும் ஏழெட்டுப் பேர் வரிசையில் இருந்ததால், எழுந்தவனுக்கு மறுபடி இடம் கிடைக்க முக்கால் மணி நேரமாவது ஆகும்.

மெட்ராஸில் சோவியத் கலாசார மையத்தில் நடந்த தால் செஸ் கிளப்பைப் பற்றி அப்போது நிறையப் பேசுவோம். விஸ்வநாதன் ஆனந்த் அங்கே பிளிட்ஸ் என்ற அதிவேக ஆட்டம் ஆடித்தான் வளர்ந்தார். 1983 தேசிய சப்-ஜூனியரில் ஒன்பதுக்கு ஒன்பது எடுத்தவர், மூன்று மணி நேர ஆட்டத்தைக்கூட அரை மணியில் முடிக்கிறவர் என்று கேள்விப்பட்டு, எங்கள் பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் வேகத்தின் மேல் ஒரு பித்து. 1988-இல் அவர் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது வாசகசாலையில் மிட்டாய் கொடுத்தோம்.

கடிகாரம் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அண்ணாச்சியின் சொந்தப் பொருள். அதனால் சட்டமும் அவருடையதுதான். தோற்று எழப்போகிறவனைத் தோளில் கைவைத்து நிறுத்துவார்.

“ஏல, எங்க தோத்த? சொல்லிட்டு எந்திரி.”

“டைம் போயிட்டு அண்ணாச்சி.”

“டைம் எங்க போச்சு? அதச் சொல்லு.”

பதில் வராவிட்டால் விட்டுவிடுவார். ஆனால் அந்தக் கேள்வி பெஞ்சுவரை கூடவே வந்து உட்காரும். அடுத்தவன் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே, மனசுக்குள் என் ஆட்டத்தைப் பின்னோக்கி ஓட்டுவேன். குதிரையை ஓரத்துக்குக் கொண்டுபோனது தப்பா? அதற்கும் முன்னால், சிப்பாயைத் தள்ளியதா? என் முறை வருவதற்குள் அநேகமாகக் கண்டுபிடித்திருப்பேன். போய்ச் சொன்னால் அண்ணாச்சி தலையை மட்டும் அசைப்பார். ஒரு சாயங்காலத்துக்கு நாலு ஆட்டம் கிடைத்தால் அதிகம். அந்த நாலு ஆட்டத்தில் இரண்டு வருஷத்துக்குள் மாவட்டப் போட்டியில் ஆடும் அளவுக்கு வந்தேன்.

பிறகு வேலை, ஊர் ஊராக மாற்றல், குழந்தைகள். செஸ் விட்டுப்போயிற்று.

2020 ஊரடங்கில் போனில் லிசெஸ் என்ற இணையச் செஸ் செயலியை இறக்கினேன். திபோ டுப்ளெசி என்ற பிரெஞ்சுக்காரர் 2010-இல் தொடங்கியது, விளம்பரமும் கட்டணமும் கிடையாது, நன்கொடையில் நடக்கிறது. இப்படி ஒன்று உலகத்தில் இருப்பதே எனக்குப் பெரிய கொடை. மூன்று நிமிட ஆட்டம். தோற்ற அந்த நொடியே ‘புதிய எதிராளி’ என்று ஒரு பொத்தான் தயாராக நிற்கும். பெஞ்சும் இல்லை, வரிசையும் இல்லை.

மூன்று வருஷம் கழித்து ஒரு நாள் என் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஆறாயிரத்துச் சொச்சம் ஆட்டம். ஆடிய மொத்த நேரம் பத்தொன்பது நாள் என்று காட்டியது. லிசெஸ் எல்லோருக்கும் 1500 ரேட்டிங் கொடுத்துத்தான் ஆரம்பிக்கும். என் ரேட்டிங் 1460-இல் இருந்தது. பாளையங்கோட்டையில் ஆடியதை எல்லாம் கூட்டினாலும் ஆயிரத்து ஐந்நூறு ஆட்டம் தேறாது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

வேகமாக ஆடுவது வேகமாக யோசிப்பது அல்ல என்பதை அண்ணாச்சி அறிந்திருந்தார் என்று இப்போது நம்புகிறேன். 1973-இல் சேஸ், சைமன் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். நிஜ ஆட்டம் ஒன்றின் நிலையை ஐந்து வினாடி காட்டி மறைத்தால், தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பகுதியைத் திரும்ப அடுக்கிவிடுகிறார். காய்களைக் கண்டபடி இறைத்துக் காட்டினால் அவரும் புதியவரைப் போலவே திணறுகிறார். பழகிய காய் அமைப்புகளைத்தான் கண் பிடிக்கிறது. மூன்று நிமிட ஆட்டத்தில் கைகொடுப்பது அந்தக் கண் ஒன்றே. தோற்ற ஆட்டத்தை ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்காமல் அடுத்ததற்குத் தாவினால் அதில் என்ன பதியும்?

ஒரு நோட்டு வாங்கினேன். ஒரு நாளைக்கு மூன்றே ஆட்டம். ஒவ்வொன்றும் முடிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மேஜையில் மரப்பலகையை வைத்து, கணினியின் உதவியில்லாமல் முதலில் நானே தேடுவது. எங்கே தோற்றேன்? எழுதிய பிறகுதான் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் நிரல் என்ன சொல்கிறது என்று பார்ப்பது. ஐம்பது தோல்வி எழுதி முடித்தபோது கணக்கு கண்ணெதிரே இருந்தது. இருபத்தொன்றில் நேரம் தீர்ந்து தோற்றிருந்தேன், அவற்றில் பாதிக்கு மேல் எட்டாவது நகர்த்தலுக்கும் பதினைந்தாவதுக்கும் நடுவில் ஒரு நிமிடத்துக்கு மேல் கரைந்திருந்தது. பதினாறில் குதிரை ஒரே பாய்ச்சலில் ராஜாவையும் யானையையும் குறிவைத்ததை நான் பார்க்கவே இல்லை. “டைம் எங்க போச்சு?” என்ற கேள்விக்கு முப்பத்தேழு வருஷம் கழித்துத்தான் என்னிடம் பதில் வந்தது.

நேரம் கரைந்தது, கறுப்புக் காயில் தினம் ஒரு தொடக்கம் ஆடியதால். ராஜா சிப்பாய்க்கு எதிராக இனி காரோ-கான் தொடக்கம் மட்டும் என்று முடிவு செய்தேன். முதல் பத்து நகர்த்தலுக்கு இப்போது பதினைந்து வினாடி போதும். குதிரைக்காக, ஸ்வீடனைச் சேர்ந்த ஆக்செல் ஸ்மித்தும் ஹான்ஸ் டிக்கானனும் 2018-இல் வெளியிட்ட மரங்கொத்தி முறையைப் பிடித்தேன். புதுப் புதிராகத் தேடாமல் ஒரே தொகுப்பைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு சுற்றிலும் நாளைக் குறைத்துக்கொண்டே போடுவது. இருநூறு புதிர் எடுத்துக்கொண்டேன். முதல் சுற்று இருபத்துநாலு நாள், இரண்டாவது பதினொன்று, மூன்றாவது ஐந்து. மூன்றாவது சுற்றில் விடையை நான் தேடவில்லை. பார்த்ததும் தெரிந்தது. வாய்ப்பாடு ஒப்பித்த வயதுக்குப் பிறகு அப்படியொரு சந்தோஷம் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆடும் நேரத்தையும் மாற்றினேன். மூன்று நிமிடத்தோடு, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் இரண்டு வினாடி சேரும் ஆட்டம். உலக பிளிட்ஸ் போட்டியும் அப்படித்தான் நடக்கிறது. நகர்த்தலுக்கு இத்தனை வினாடி என்று சேர்த்துத் தரும் கடிகாரம் பாபி ஃபிஷரின் யோசனை, 1992-இல் பழைய எதிராளி ஸ்பாஸ்கியோடு மறுபடி மோதியபோது அதை வைத்தே ஆடினார். ஜெயிக்கும் நிலையில் இருப்பவனைக் கடிகாரம் மட்டும் தோற்கடிக்கக் கூடாது என்ற அந்த நியாயம் எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் சிவப்புக் கொடிக்கு அந்த இரக்கம் கிடையாது.

எட்டு மாதத்தில் 1650 வந்தது. அண்ணாச்சி இருந்திருந்தால் போய்ச் சொல்லியிருப்பேன். 1994-இல் போய்விட்டார்.

போன வாரம் பிரேசில் கொடி போட்ட ஒருவரிடம் தோற்றேன். நேரம் மிச்சமிருந்தது, குதிரையும் ஏமாற்றவில்லை, காய் எதையும் கோட்டை விடவில்லை. ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சுமுட்டித் தோற்றேன். பதினேழாவது நகர்த்தல் என்று சந்தேகம். நோட்டில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருக்கிறேன், ஸ்டாக்ஃபிஷை இன்னும் திறக்கவில்லை. பலகை ஆறு நாளாக அதே நிலையில் மேஜைமேல் இருக்கிறது. வீட்டில் அதை நகர்த்தாமல் சுற்றித் துடைக்கிறார்கள்.