காசு கொடுத்துக் கூடை சுமப்பவர்

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையின் அஞ்சடிகளில் மாம்பழமும் வாழையும் குவிந்து கிடக்க, அவற்றைக் கடைக்கண்ணாலும் நோக்காமல், கனியைத் தம் கையாலேயே கொய்தாலன்றி அதற்கு ருசியில்லை என்னும் சித்தாந்தத்தோடு, ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்னரே பிள்ளைகுட்டிகளை வண்டியிலேற்றிக்கொண்டு நெடுஞ்சாலையை நோக்கி விரைகின்ற ஒரு கனவானை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அறியாவிட்டால், அநேகமாக அந்தக் கனவான் நீங்களேதாம்.

வசந்தமும் இலையுதிர்காலமும் இல்லாத மலேசியாவில் பருவம் ஏது என்று கேட்பவர்கள் அவருடைய பஞ்சாங்கத்தைக் கண்டதில்லை. ஜூன் முதல் ஆகஸ்டு வரை டுரியான். அதற்குத் துணையாக மங்குஸ்தீனும் ரம்புத்தானும். ஆண்டிறுதி மழையோடு இரண்டாம் விளைச்சல். இவை ஓய்ந்த மாதங்களில், கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஆண்டு முழுவதும் காய்க்கின்ற கேமரன் மலை ஸ்ட்ராபெரி.

ரவூப் பக்கத்து டுரியான் தோட்டத்தில் மட்டும் அவருடைய சித்தாந்தத்துக்குப் பெருஞ்சோதனை. நம் நாட்டு டுரியான் பறிக்கப்படுவதன்று; முற்றினால் தானே, பெரும்பாலும் இரவில், விழுவது; தோட்டக்காரர் மரத்தடியில் வலை கட்டிக் காத்திருப்பார். பறிக்கும் பாக்கியம் இல்லாதபோது நம் கனவான் பரீட்சகராகிவிடுகிறார். பழத்தைக் காதோரம் குலுக்கி, காம்பை முகர்ந்து, அடிப்புறத்தில் முள்ளில்லாத நட்சத்திர அடையாளம் உண்டா என்று கவிழ்த்துப் பார்த்து, "மூசாங் கிங்! டி 197! 1993ல பதிவானது!" என்று, அதைப் பயிரிட்டே வாழும் சீனத் தவுக்கேக்குப் பாடம் நடத்துவார். தவுக்கே பணிவாகத் தலையசைத்துவிட்டு விலையைச் சற்று ஏற்றிச் சொல்வார். தின்று முடித்ததும், உடம்புச் சூடு தணியவேண்டுமென்று, டுரியான் ஓட்டின் குழியிலேயே நீர் வார்த்து எல்லாரையும் குடிக்கவைப்பது அவருடைய வைத்திய சாஸ்திரம்.

ரம்புத்தான் தோட்டத்தில் துறட்டியை வேறெவரும் தொடக்கூடாது. முதற்குலையோடு முசுறு எறும்புகள் சட்டைக்குள் இறங்கியதும் அவர் ஆடும் தாண்டவத்தைப் பிள்ளைகள் கைப்பேசியில் பதிந்து வைத்திருக்கிறார்கள்.

ஆயினும் அவருடைய மகிமை பூரணமாகத் துலங்குவது கேமரன் மலையிலேதான். போ தேயிலைத் தோட்டம் 1929இல் தொடங்கிய நாள்முதல் தமிழர் கூலிக்குக் கொழுந்து கிள்ளிய மலை அது. பிரிஞ்சாங் பக்கத்தில் ஒரு பந்தலின் கீழ், கையிலே கத்திரிக்கோலும் சிறு கூடையுமாக, வரிசைப் பைகளிலிருந்து தொங்கும் ஸ்ட்ராபெரிகளைக் காம்போடு நறுக்கியவண்ணம் அவர் மெய்ம்மறந்திருக்க, எண்பதைக் கடந்த அவர் தாயார், சிறுபிராயத்தில் இதே மலையில் முதுகுக் கூடையோடு சரிவேறியவர், நாற்காலியில் அமர்ந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டா தம்பி, கிலோவுக்கு எவ்வளவு கொடுப்பான்?"

"அவன் எங்கம்மா கொடுப்பான்? நாமதான் அவனுக்குக் கொடுக்கணும்."

அம்மையார் வெற்றிலையை ஒருபுறம் ஒதுக்கிக்கொண்டார். "அடப்பாவி! இது அன்னிக்கு நம்ம துரைக்குத் தெரியாமப் போச்சே!"

எடை போட்டபோது, சாலையோரக் கடையில் டப்பாவில் அடைத்து விற்பதைவிட விலை அதிகமென்று அவர் மனைவி சுட்டிக்காட்டினார். அனுபவத்துக்கும் சேர்த்தல்லவா கொடுக்கிறோம் என்று அவர் சமாதானம் சொன்னார். பாதிப்பழம் புளித்தது, மீதிப்பழம் இறங்கும் வழியிலேயே நசுங்கிற்று. பிள்ளைகள் பசியென்று அழவே, பீடோரில் வண்டியை நிறுத்தி, யாரோ பறித்து, யாரோ கழுவி, யாரோ நறுக்கிவைத்த கொய்யாவை மூன்று பை வாங்கினார். அது மிகவும் ருசியாக இருந்ததென்பதை அவர் எவரிடமும் சொல்வதில்லை.

வருகின்ற ஜூனில் அவர் அழைத்தால் மறுத்துவிடாதீர்கள். பேச்சு சற்று நீளமானதுதான். ஆனால் விடியலில் விழுந்த டுரியானை மரத்தடியிலேயே பிளந்து தின்னும் சுகம் பிரிக்பீல்ட்ஸ் கடையெதிலும் கிடைக்காது. பெட்ரோல் செலவை மட்டும் புறப்படுமுன்னரே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.