சீரமும் சீரகமும்: பொம்மனஹள்ளியை முன்வைத்து ஒரு தெளிவாராய்ச்சி

ஒசூர் சாலையில் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலிலிருந்து மீண்ட பேருந்து ஓட்டுநர் முதல்முறையாக இரண்டாம் கியரைப் போடும் இடத்துக்குப் பொம்மனஹள்ளி என்று பெயர். 2007இல் பெங்களூரு மாநகராட்சியோடு சேரும்வரை தனி நகராட்சி. 2025 ஆகஸ்ட் முதல் மஞ்சள் வழி மெட்ரோவில் ஒரு நிலையம். பக்கத்துப் பேகூரில் பெங்களூரு என்ற பெயரைச் சொல்லும் 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. அதில் முகச் சீரம் பற்றி ஒரு வரியும் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வது ஆய்வு நேர்மை. ஆயினும் இவ்வாய்வுக்குக் களமாக இவ்வூரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. தமிழ்ப் பந்தியும் கன்னடப் பந்தியும் ஒரே சந்தில் அடுத்தடுத்துப் போடப்படும் ஊர் இது; அந்தச் சந்தின் முனையிலேயே மெடிக்கல் ஷாப்பில் இருமல் மருந்துக்கும் கொசுவத்திக்கும் நடுவே சீரம் புட்டிகள் நிற்கின்றன. வாங்குகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்லர். வருங்கால வைப்பு நிதி விதியை மாற்றியபோது, 2016 ஏப்ரலில் இதே சாலையை மறித்து ஒன்றிய அரசையே பின்வாங்க வைத்தவர்கள் இங்குள்ள கார்மெண்ட்ஸ் பெண்கள். அவர்கள் ஒரு பொருளை விவரம் தெரியாமல் வாங்குகிறார்கள் என்று எழுத இக்கட்டுரைக்குத் துணிவில்லை. இங்கே நிறுவப்போவது ஒன்றே: முகச் சீரம் என்பது முகத்துக்கு ஊற்றும் ரசம், ரசத்தின் சட்டங்கள் அனைத்தும் அதற்குச் செல்லும்.

சொல்லிலிருந்து தொடங்குவது மரபு. லத்தீனில் சீரம் என்றால் பால் திரிந்தபின் மேலே நிற்கும் தெளிந்த நீர். மருத்துவத் தமிழில் அதற்கு ஊநீர் என்றொரு சொல் உண்டு. ஆனால் காலையில் எழுந்து முகத்தில் ஊநீர் தடவிக்கொண்டதாக எந்தப் பெண்ணும் ஒப்புக்கொள்ள மாட்டாள், ஆணும் மாட்டான். க்ஷீரம் என்ற வடசொல்லே மருவிச் சீரம் ஆயிற்று என்பார் உளர். பாலுக்கும் பால்நீருக்கும் வேறுபாடு அறியாதோர் கூற்று அது. மரவுரிக்கும் சீரம் என்ற பெயர் உண்டே எனின், பூசிய சீரம் காயும்போது முகம் இழுத்துப் பிடிப்பதை உணர்ந்தோர் அப்பொருளை முற்றாகத் தள்ளார். எனினும் நம் கொள்கைக்கு உகந்தது வேறு. உள்ளே போய்ச் சீர்செய்வதால் சீர் + அகம் = சீரகம் என்று நாட்டார் பிரிப்பது யாவரும் அறிந்தது. மொழியியலார் இதை ஏற்பதில்லை; ஏற்காவிட்டால் என்ன, நமக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. சீரகத்தின் ககரம் கெட அகம் சிதையும், எஞ்சுவது சீரம். ஆகவே அது அகம் புகாது, புறத்தோடு நின்றுவிடும். விளம்பரங்கள் மறைக்கும் உண்மையை இலக்கணம் இப்படிப் போட்டு உடைக்கிறது.

அடுத்து, தெளிவு. கல்யாணப் பந்தியில் ரச வாளியோடு வருகிறவர் “தெளிவா ஊத்தட்டுமா, கலக்கி ஊத்தட்டுமா?” என்று கேட்பார். ரசத்தில் அடிமண்டி வேறு, மேல்தெளிவு வேறு என்ற தத்துவத்தை இதைவிடச் சுருக்கமாக எந்த நூலும் சொல்லவில்லை. பருப்பும் மிளகின் திப்பியும் அடியில் தங்க, கரைந்தது மட்டும் மேலே நிற்பது தெளிவு. கிரீமிலிருந்து கொழுப்பையும் மெழுகையும் பெரும்பாலும் விலக்கி, கரைந்த சத்தை மட்டும் மெல்லிய நீர்மத்தில் நிறுத்தினால் சீரம். தெளிவை யாரும் அண்டா கணக்கில் கேட்பதில்லை. சீரத்தின் கணக்கும் அப்படியே. ஒரு மில்லி ஏறக்குறைய 20 சொட்டு. 30 மில்லிப் புட்டியில் 600 சொட்டு. புட்டி 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சொட்டு ஒரு ரூபாய். ஒரு வேளைக்கு மூன்று சொட்டு போதும். டிராப்பரை நெற்றியில் ஒருமுறை, இரு கன்னத்திலும் இருமுறை, முகவாயில் ஒருமுறை என்று அபிஷேகம் செய்பவர் பத்துப் பன்னிரண்டு ரூபாயைப் பூசி, அதில் பாதியைத் தலையணைக்கு நேர்ந்துவிடுகிறார். டிராப்பரின் நுனி கன்னத்தில் படவே கூடாது என்பதற்கும் பந்தியே சான்று: எச்சில் இலையில் முட்டிய கரண்டியை ரச வாளிக்குள் திரும்ப விட்டால் என்ன நடக்கும் என்பதைப் பரிமாறுகிறவரைக் கேட்டால் தெரியும்.

இனி இந்த ஆய்வின் உயிர்நிலையான வரிசைச் சிக்கல். நீர்த்தது முன், கெட்டியானது பின் என்பது சரும வல்லுநர்கள் சொல்லும் பொதுவிதி. முகம் கழுவி, சீரம், பிறகு மாய்ஸ்சரைசர், பகலாயின் கடைசியில் சன்ஸ்கிரீன். எண்ணெய்ப் படலம் முதலில் விழுந்துவிட்டால் மேலே வரும் நீர்மத்துக்கு வழி கிடைப்பது கடினம் என்பது காரணம். பழைய மைசூர்ப் பந்தி இதைத்தான் செய்கிறது: முதலில் சாரு, அதன்பின் ஹுளி, கடைசியில் மொசரு. நீர்த்த ரசம், கெட்டிச் சாம்பார், தயிர் என்ற இந்த அடைவில் சரும விதி பிசகின்றி அமைந்திருப்பது காண்க. தமிழ்ப் பந்தியோ சாம்பாரை முதலில் ஊற்றிவிடுகிறது. அஃதேல் தமிழர் தலைமுறை தலைமுறையாகப் பிழையாக உண்டனரோ எனின், அற்றன்று. தமிழ்ப் பந்தியில் ஒவ்வொரு குழம்புக்கும் புதுச் சோறு விழுகிறது. சாம்பார் சாதம் தீர்ந்து, இலையில் வெள்ளைச் சோறு மறுபடி வந்தபிறகே ரச வாளி தலைகாட்டும். எனவே வரிசை எப்படி இருந்தாலும் ரசத்துக்குக் குறையில்லை. முகத்துக்கு மறுசோறு கிடையாது. ஒரே தோலின்மேல் எல்லாம் விழ வேண்டும் என்றிருப்பதால் கன்னட அடைவே அங்கு செல்லும். தமிழ் வாசகர்கள் இதற்காகக் கட்டுரையைக் கிழிக்க வேண்டாம். அவர்களுக்கும் ஓர் இடம் வருகிறது. ரெட்டினால் என்னும் வைட்டமின் ஏ வகைச் சீரம் தோலைக் காயவைத்து உரிக்கும் இயல்புடையது. பழகாத முகத்துக்கு முதலில் மாய்ஸ்சரைசர், அதன்மேல் ரெட்டினால், மறுபடி மாய்ஸ்சரைசர் என்று பூசச் சொல்கிறார்கள். இதற்கு சாண்ட்விச் முறை என்று பெயர் வைத்திருப்பது அவர்கள் அறியாமை. கெட்டி, நீர்மம், கெட்டி. சாம்பார், ரசம், தயிர். வேகத்தைக் குறைக்க வேண்டிய இடத்தில் தமிழ்ப் பந்தி, கூட்ட வேண்டிய இடத்தில் கன்னடப் பந்தி. ரெட்டினால் இரவுக்கே உரியது என்பதாலும், வாரத்துக்கு இரண்டு இரவில் தொடங்குவது போதும் என்பதாலும், பொம்மனஹள்ளியில் இரு மரபும் நேரம் பிரித்துக்கொண்டு சண்டையின்றி வாழலாம். கர்ப்பிணிகள் மட்டும் அந்த இரவுப் பந்தியில் உட்காரவே கூடாது.

இங்கே ஒரு மறுப்பு எழும். ரசம் குடலுக்குள் போவது, சீரம் தோலின்மேல் நிற்பது. இரண்டையும் ஒப்பிடுவது எப்படி என்று. மறுப்பவர் தம்மை அறியாமல் நமக்கே சாட்சி சொல்கிறார். தோல் வயிறு அன்று, மதகு. மூலக்கூறின் எடை 500 டால்டனைத் தாண்டினால் நல்ல தோலை ஊடுருவுவது அரிது என்று போஸ், மைனார்டி என்ற இரு டச்சு ஆய்வாளர்கள் 2000இல் ஒரு விதி வகுத்தார்கள். நியாசினமைடு 122, வைட்டமின் சி 176, ரெட்டினால் 286. மூன்றுக்கும் நுழைவுச் சீட்டு உண்டு. ஹயலூரானிக் அமிலமோ பல வகைகளில் லட்சக்கணக்கில் எடை கொண்டது. 1934இல் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டுக் கண்ணிலிருந்து பிரித்தெடுத்தது. கூட்ட நேரத்தில் பாத்திர மூட்டையோடு மெட்ரோ வாசலில் நிற்கிறவரைப் போல அது வெளியேதான் நிற்கும். ஆயின் வீணோ எனின், ரசத்தில் கறிவேப்பிலையும் யார் தொண்டைக்குள்ளும் போவதில்லை. இல்லாத அன்று மட்டும் எல்லோருக்கும் தெரிகிறது. நீரைப் பிடித்துவைத்துத் தோலின் மேற்பரப்பை மெத்தென்று காட்டுவது அதன் தொழில். பிடிக்க நீர் வேண்டும் என்பதால் முகத்தின் ஈரம் காயுமுன் தடவி, மேலே கிரீம் கொண்டு மூடிவிட வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் பெங்களூருக் காற்று வறண்டு உதடு வெடிக்கும் காலத்தில், காய்ந்த முகத்தில் இதைத் தடவிவிட்டு ‘இழுக்கிறது, இழுக்கிறது’ என்று புலம்புவோர் புட்டியின்மேல் வழக்குப் போட முடியாது.

சதவீதம் கூடினால் பலனும் கூடாதா என்பது அடுத்த வினா. உப்புக்குப் பொருந்தாத விதி சீரத்துக்கு மட்டும் எப்படிப் பொருந்தும்? ஷெல்டன் பின்னெல் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2001இல் பன்றித் தோலில் பார்த்தபோது, வைட்டமின் சி 20 சதவீதம் வரைதான் ஏறியது. அதற்குமேல் ஊற்றியதற்குப் பலனில்லை. pH அளவு 3.5க்குக் கீழே இருந்தால்தான் நுழையவே செய்தது. அப்படியானால் எலுமிச்சையையே தேய்க்கலாமே என்பவர்க்கு: எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளமும் கருந்தடமும் வரும், அது ரசத்துக்கே ஆகட்டும். அந்த ரசத்திலும் சட்டியை இறக்கிய பிறகுதானே பிழிகிறார்கள்? வைட்டமின் சிக்குச் சூடு ஆகாது, வெளிச்சம் ஆகாது, காற்றும் ஆகாது. தண்ணீர் நிறத்தில் வாங்கிய சீரம் மஞ்சளாகி, பிறகு டீ நிறத்துக்கு வந்தால் அதன் கதை முடிந்தது. மத்தியானம் அனலடிக்கும் ஷீட் வீட்டில், ஜன்னல் விளிம்பில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அதை வைப்பது, ரசத்தை மறுநாள் வரை அடுப்பிலேயே விட்டதற்குச் சமம். நியாசினமைடு இந்த அளவுக்குக் கோபக்காரன் அன்று. அதனால்தான் பலருக்கும் முதல் புட்டியாக அது பொருந்துகிறது. புட்டியில் 10 என்று போட்டிருந்தாலும், பலன் கண்ட ஆய்வுகள் பல 2 முதல் 5 சதவீதத்திலேயே நடந்தவை. இந்த வைட்டமின் பி3க்கும் நம் சாப்பாட்டுக்கும் பழைய உறவு. அது குறைந்தால் பெலாக்ரா வரும்: வெயில் படும் இடமெல்லாம், குறிப்பாகக் கழுத்தைச் சுற்றி மாலை போட்டாற்போல, தோல் கருத்து உரியும். தக்காணத்தில் சோளமே உணவாகக் கொண்டவர்களிடம் இந்நோய் ஏன் என்று ஆராய்ந்து, சோளத்தில் மிகுந்திருக்கும் லியூசினைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவர் சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன்; எஸ்.ஜி. ஸ்ரீகண்டையாவோடு சேர்ந்து இதை 1960இல் எழுதினார். தோலின் நலம் சோற்றுப் பானையில் இருப்பதை அவர்கள் நிறுவிய பிறகும், ரசத்தையும் சீரத்தையும் ஒப்பிடுவது வேடிக்கை என்று யார் சொல்வது?

எதைத் தேர்வது என்பதில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. பருவும் எண்ணெய்ப் பசையும் என்றால் சாலிசிலிக் அமிலம் 2 சதவீதம். கருந்தடமும் பொலிவின்மையும் என்றால் நியாசினமைடு அல்லது வைட்டமின் சி. வயதின் கோடு என்றால் ரெட்டினால். ஒரு நேரத்தில் ஒன்று. நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுவது மிளகு ரசம், தக்காளி ரசம், பைனாப்பிள் ரசம், கொள்ளு ரசம் நான்கையும் ஒரே இலையில் ஊற்றியதாகும், வயிறாவது பொறுத்துக்கொள்ளும். நீட்ட வேண்டியது கடைக்காரரிடம் கேட்கப்படும் கேள்வியை. ‘மங்கு போகணும்’ என்று கேட்பது ஒரு கேள்வி. ‘வெளுப்பாகணும்’ என்பது வேறு. 1975இல் வந்த சிவப்பழகுக் கிரீம் 2020இல் தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லைக் கழற்றி ‘க்ளோ’ போட்டுக்கொண்டது. அதை விற்கும் ஹிந்துஸ்தான் யூனிலீவர், சதவீதத்தைப் புட்டியிலேயே அச்சடித்துப் பெயர் வாங்கிய ஜெய்ப்பூர் சீரம் நிறுவனம் மினிமலிஸ்டின் 90.5 சதவீதப் பங்கை வாங்குவதாக 2025 ஜனவரியில் அறிவித்தது. ஆகப் பழைய ஆசையும் புதிய அறிவியலும் இன்று ஒரே கணக்குப் புத்தகத்தில் வரவு வைக்கப்படுகின்றன. அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. குற்றம் வேறிடத்தில்: சீக்கிரம் வெளுக்க வேண்டும் என்று கேட்பவர் கைக்கு ஸ்டீராய்டு கலந்த கிரீம் போய்விடுவது. ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதென 2018இல் அரசு விதித்தது அதனால்தான். பத்தே நாளில் பளிச்சென்று காட்டி, பிறகு தோலை மெலியவைத்து, நிறுத்தினால் எரியவைக்கும் அது, ரசமே அன்று.

வெயிலில் நின்று பேருந்துக்குப் போகிறவளுக்கு இதெல்லாம் எதற்கு, பயத்தமாவு போதாதா என்பது கடைசி மறுப்பு. இதில் பாதியை ஏற்கிறோம். 600 ரூபாய்தான் கையில் இருக்கிறது என்றால் அது சன்ஸ்கிரீனுக்குப் போகட்டும்; நாள்தோறும் வெயில் புதிதாக எழுதும் மங்கை இரவுதோறும் சீரம் அழித்துக்கொண்டிருப்பது, சல்லடையால் ஏரியை இறைப்பது. பந்தியில் தயிர் வராமல் இலையை மூடுவாருண்டோ? சன்ஸ்கிரீன் வெளுத்த படலமாகப் படிகிறதே, மாநிறத்தில் சாம்பல் பூத்தாற்போல் இருக்கிறதே என்ற குறை நியாயமானது. மங்கு உள்ளவர்களுக்கு நிறம் சேர்த்த, இரும்பு ஆக்சைடு கொண்ட வகை இரண்டு வகையில் உதவும்: முகத்தோடு கலக்கும், மங்கைக் கிளறும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுக்கும். முகம் கழுவும் போர்வெல் தண்ணீரின் உப்பு, டேங்கர் தண்ணீரின் பிறப்பிடம் ஆகியவை பற்றி இங்கே ஆராயாமல் விட்டது இடமின்மையால் அன்று. ஆராய்ந்தாலும் குழாயில் வருவதுதான் வரும்.

மேலும் ஆயத்தக்கது ஒன்று எஞ்சுகிறது. 600 சொட்டு என்று கணக்கிட்டோம். ஆனால் டிராப்பரின் குழாய் புட்டியின் தரையைத் தொடுவதில்லை. அடியில் ஒரு விரல்நுனி அளவுக்குச் சீரம் தங்கியே தீரும். தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்ப்பது போல இதையும் டம்ளரில் கவிழ்த்து வைத்து, மூடியில் வழிந்ததை உள்ளங்கையில் தட்டி எடுப்பவர்கள் உண்டு. அப்படி வருவதும், முகத்துக்குப் பூசியபின் விரலில் மிஞ்சுவதும் போகுமிடம் ஒன்றே: கழுத்து. காலர் மறைக்காத, துப்பட்டா சரிந்த, முதல் புட்டி தீரும்வரை யாரும் திரும்பிப் பார்க்காத அந்த நான்கு விரற்கடை இடத்துக்கு, எல்லாப் பந்தியிலும் அடிமண்டியே ஊற்றப்படுகிறது.